"பட்டன்" என்று மட்டும் சொன்னால் போதாது: ஸ்கிரீன் ரீடரைச் சரியாகப் பேசவைக்க எந்த வழியை எடுப்பது?

ஒரு செயலியில் டேப் விசையை அழுத்திக்கொண்டே போகிறோம். செயலியில் இருப்பதைப் பார்வையற்றவருக்குக் குரலில் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று மூன்று முறை சொல்கிறது. ஒன்று சேமிக்க, ஒன்று அச்சிட, ஒன்று அழிக்க. எது எதற்கு என்று காதுக்குத் தெரியவில்லை. திரையைப் பார்ப்பவருக்குப் படங்கள் இருக்கின்றன, யோசிக்காமல் அழுத்திவிட்டுப் போகிறார். கேட்டு வேலை செய்பவர் மட்டும் தவறாக அழித்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு எண்ணி எண்ணி அழுத்த வேண்டியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க இப்படி வேலை செய்வது எவ்வளவு களைப்பு என்பது செய்பவருக்குத்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய நாலைந்து வழிகள் உண்டு. செயலியையே திருத்தலாம், பயனரே லேபிள் வைத்துக்கொள்ளலாம், என்விடிஏ என்ற விண்டோஸ் ஸ்கிரீன் ரீடருக்கு ஆட்-ஆன் (அதோடு சேர்க்கும் சிறு நிரல்) எழுதலாம், ஜாஸ் என்ற இன்னொன்றுக்கு ஸ்கிரிப்ட் (அதன் பேச்சை மாற்றும் சிறு நிரல்) எழுதலாம், பிரவுசரில் என்றால் பக்கத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்கிரிப்டை நுழைக்கலாம். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. தவறு எங்கே தொடங்குகிறது, அந்த இடம் நம் கைக்கு எட்டுமா என்ற இரண்டு கேள்விகள்தான் முடிவு செய்யும். பலர் இந்தக் கேள்விகளைக் கேட்காமலே தமக்குத் தெரிந்த மொழியில் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தவறு தொடங்கும் இடம்

ஸ்கிரீன் ரீடர் திரையில் உள்ள படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இயங்குதளம் வழியாகச் செயலியிடம் கேட்கிறது: இது என்ன, இதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது? விண்டோஸில் இந்தக் கேள்வி-பதிலுக்கு 1997இல் ஆக்டிவ் அக்சசிபிலிட்டி வந்தது, 2006இல் யூஐ ஆட்டோமேஷன் வந்தது. செயலி பெயரைக் கொடுக்கவில்லை என்றால் ஸ்கிரீன் ரீடரிடம் வகை மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் வெறும் "பட்டன்" என்ற சொல் வருகிறது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டிகளில் 4.1.2 என்ற விதி கேட்பதும் இதைத்தான்: பட்டன், பெட்டி போன்ற ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பெயர், வகை, மதிப்பு மூன்றும் நிரல்வழியே கிடைக்க வேண்டும். அது மிக அடிப்படையான ஏ நிலை விதி.

எந்த வழியில் இறங்குவதானாலும் முதலில் அந்தக் கட்டுப்பாட்டை உள்ளே பார்த்துவிட வேண்டும். என்விடிஏவில் நேவிகேட்டர் ஆப்ஜெக்டை (என்விடிஏ இப்போது ஆராயும் பொருளைக் குறிக்கும் சுட்டி) அதன்மேல் வைத்துக்கொண்டு என்விடிஏ விசையோடு எஃப்1 அழுத்தினால் லாக் என்ற பதிவேடு திறக்கும். அதில் நேம், ரோல், ஸ்டேட்ஸ், விண்டோ கிளாஸ் நேம், விண்டோ கன்ட்ரோல் ஐடி என்று வரிசையாக இருக்கும். நான் ஜாஸுக்கு எழுதும்போதும் இந்த லாக்கிலிருந்துதான் தொடங்குகிறேன். நேம் வரி காலியாக இருந்தால் ஒரு வகை வேலை. "பிடிஎன்01" போல நிரலர் வைத்த உள்பெயர் வந்து நின்றால் வேறு வகை வேலை. கட்டுப்பாடே மரத்தில் (செயலி ஸ்கிரீன் ரீடருக்குத் தரும் கட்டுப்பாடுகளின் கிளைப்பட்டியல்) இல்லை என்றால் அது மூன்றாவது வகை, மிகக் கடினமானது.

மூன்றாவதற்கு ஒரு எடுத்துக்காட்டு: டெல்ஃபி என்ற நிரல்கருவியில் எழுதிய பழைய செயலிகளில் வரும் ஸ்பீட் பட்டன். அதற்கென்று தனி விண்டோ கிடையாது, தாய் விண்டோவின்மேல் வரையப்படும் படம்தான் அது. டேப் அங்கே நிற்காது. ஸ்கிரீன் ரீடருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இல்லாத ஒன்றுக்கு எந்த ஸ்கிரிப்டும் பெயர் வைக்க முடியாது. ஒரு குறுக்குவிசையை ஒதுக்கி, மவுஸை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கிளிக் செய்யும் வேலையை மட்டும்தான் ஸ்கிரிப்ட் செய்யும்.

செயலி நம் கையில் இருந்தால்

மூல நிரல் நம்மிடம் இருந்தாலோ, அதை எழுதியவர் பேசக்கூடிய தூரத்தில் இருந்தாலோ வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அங்கேயே திருத்துங்கள். பெரும்பாலும் ஒரே வரி. விண்டோஸ் செயலி செய்யும் டபிள்யூபிஎஃப் கருவித்தொகுப்பு என்றால் ஆட்டோமேஷன் பிராப்பர்ட்டீஸில் நேம். அதேபோன்ற வின்ஃபார்ம்ஸ் என்றால் அக்சசிபிள் நேம். ஆண்ட்ராய்டில் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஐஓஎஸ்ஸில் அக்சசிபிலிட்டி லேபிள். அந்த ஒரு வரியால் எல்லா ஸ்கிரீன் ரீடரும், எல்லாப் பயனரும், எழுத்தைப் புள்ளிகளாக விரலுக்குத் தரும் பிரெய்ல் திரையும், குரலால் கணினியை இயக்குபவரும் சேர்ந்து பயன் பெறுகிறார்கள். எந்த ஸ்கிரிப்டாலும் இதைச் செய்ய முடியாது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பெயருக்குள் "சேமி பட்டன்" என்று எழுதிவிடுவது ஒன்று. வகையை ஸ்கிரீன் ரீடர் தானாகச் சொல்லும் என்பதால் "சேமி பட்டன் பட்டன்" என்று கேட்கும். இன்னொன்று, இணையப் பக்கத்தில் டிவ் என்ற வெறும் பெட்டிக்குப் பெயரும் பட்டன் என்ற வகையும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பது. வகை சொன்னதும் பயனர் என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும் என்று நம்பி அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை. உண்மையான பட்டன் எலிமென்டைப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

செயலி வேறு யாருடையதோ என்றால் நிலைமை வேறு. புகார் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வேலை நாளையே நடந்தாக வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் இந்த இடைவெளிக்காகத்தான்.

லேபிளும் அகராதியும்

ஒரே ஒருவருக்கு, ஒரே செயலியில் நாலைந்து பட்டன்கள் என்றால் நிரல் எழுதவே வேண்டாம். ஜாஸில் பெயரில்லாத படங்களுக்குப் பெயர் வைக்கும் கிராஃபிக்ஸ் லேபலர் உண்டு. இணையப் பக்கத்தின் கட்டுப்பாடுகளுக்குத் தனிப்பயன் லேபிள் வைக்கும் வசதியும் உண்டு. ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் இரண்டிலும் பயனரே லேபிள் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் இந்த இரண்டுக்கும் ஸ்கிரிப்ட் எழுதும் வழி இல்லாததால் அங்கே பெரும்பாலும் இதுதான் கதி.

என்விடிஏ வைத்திருப்பவர்கள் சில சமயம் பேச்சு அகராதியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்: "பிடிஎன்01" வந்தால் "சேமி" என்று சொல். இரண்டு நிமிட வேலை, காதுக்கு உடனே நிம்மதி. அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் அந்த அகராதி எல்லாச் செயலிகளுக்கும் பொது. வேறு எங்காவது ஒரு ஆவணத்தில் அதே எழுத்துகள் வந்தால் அங்கேயும் "சேமி" என்றே படிக்கும். அது பேச்சை மட்டும்தான் மாற்றும், பிரெய்லில் விரல் தொடும்போது பழைய எழுத்துதான் இருக்கும். பெயர் காலியாக இருந்தால் மாற்றுவதற்கே ஒன்றும் இல்லை. ஜாஸ் அகராதியைச் செயலிவாரியாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அது கொஞ்சம் பாதுகாப்பானது.

திரையில் உள்ள எழுத்தைப் படம்பிடித்து வாசிக்கும் ஓசிஆர் இரண்டிலும் இருக்கிறது. எழுத்தே இல்லாத படப் பட்டன்களுக்கு அது உதவாது. தினசரி வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

என்விடிஏவுக்கு எழுதினால்

என்விடிஏ இலவசம், திறந்த மூலம். 2006இல் மைக்கேல் கரன் தொடங்கியது, பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. ஆட்-ஆனையும் அதே பைத்தானில்தான் எழுதுகிறோம். ஸ்கிரீன் ரீடரின் உள்ளே எதையெல்லாம் அது தொடுகிறதோ அதையெல்லாம் நாமும் தொடலாம். இதுதான் அதன் பெரிய பலம், அதன் ஆபத்தும் அதுவே.

அடிப்படை எளிது. செயலியின் இயக்கக் கோப்பு என்ன பெயரோ அதே பெயரில் ஒரு பைத்தான் கோப்பு. அதற்கு ஆப் மாட்யூல் என்று பெயர். அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் டெவலப்பர் ஸ்கிராட்ச்பேட் என்ற தேர்வை இயக்கினால், ஆட்-ஆனாகக் கட்டாமலே கோப்பை நேரடியாகப் போட்டுச் சோதிக்கலாம். என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு மறுபடி ஏற்றப்படும். ஒரு வரியை மாற்றி உடனே கேட்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இந்த வேகம் பெரிய உதவி.

மாட்யூலுக்குள் பெயரை மாற்ற இரண்டு இடங்கள் உண்டு. இதில் எதை எடுக்கிறோம் என்பதில்தான் ஸ்கிரிப்டின் நம்பகத்தன்மை இருக்கிறது. முதலாவது, ஆப்ஜெக்ட் உருவாகும் நொடியில் என்விடிஏ அழைக்கும் இனிட் ஈவென்ட். அங்கே "கன்ட்ரோல் ஐடி 1012 என்றால், பெயர் காலி என்றால், பெயர் சேமி" என்று இரண்டு நிபந்தனையும் ஒரு ஒதுக்கீடும் எழுதினால் முடிந்தது. நிலையான பட்டன்களுக்கு இதுவே போதும். ஆனால் அந்தப் பெயர் ஒட்டினது ஒட்டினதுதான். இயக்கு, நிறுத்து என்று மாறி மாறி வேலை செய்யும் பட்டனுக்கு இப்படிப் பெயர் வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்கிரீன் ரீடர் "இயக்கு" என்றே சொல்லக்கூடும். அதற்கு இரண்டாவது இடம் வேண்டும்: ஓவர்லே கிளாஸ். அந்தக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு கிளாஸ் எழுதி, பெயரைக் கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுத் தரும்படி செய்யலாம். எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் சொல்வது உண்மையாக இருக்கும். தவறான நிலையைத் தைரியமாகச் சொல்லும் ஸ்கிரிப்டைவிட, வெறும் "பட்டன்" எவ்வளவோ மேல். பயனர் அப்போதாவது சந்தேகத்தோடு அழுத்துவார்.

மேலே "பெயர் காலி என்றால்" என்ற நிபந்தனையைப் போட்டது காரணத்தோடுதான். நாளை செயலியைச் செய்தவர்கள் தாங்களே பெயர் வைத்துவிட்டால் நம் ஸ்கிரிப்ட் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அது இல்லாமல் எழுதினால், அவர்கள் அந்தப் பட்டனின் வேலையை மாற்றிய பிறகும் நம் பழைய பெயர் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். தவறான பெயர் இருக்கும் இடத்தில் இந்த நிபந்தனை, அந்தத் தவறான பெயரோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதாக மாறும்.

இனி அடையாளம். பட்டனை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வழக்கமான வின்32 உரையாடல் பெட்டிகளில் கன்ட்ரோல் ஐடி பெரும்பாலும் பதிப்புக்குப் பதிப்பு மாறாது. வின்ஃபார்ம்ஸில் அதையே நம்பினால் கவிழ்ந்துவிடும். அங்கே அந்த எண், விண்டோவுக்கு விண்டோஸ் அவ்வப்போது கொடுக்கும் ஹேண்டில் எண்ணிலிருந்து வருவது, செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாறும். இன்று சரியாக ஓடிய ஸ்கிரிப்ட் நாளைக் காலையில் ஊமையாகிவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். யூஐ ஆட்டோமேஷன் வழியாக வரும் செயலி என்றால் ஆட்டோமேஷன் ஐடி நல்ல பிடிமானம். இணையத் தொழில்நுட்பத்தால் செயலி செய்ய உதவும் எலக்ட்ரானில் செய்த செயலிகளில் எச்டிஎம்எல் ஐடியும் கிளாஸ் பெயரும் கிடைக்கும். ஆனால் கிளாஸ் பெயரில் புரியாத எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் அது கட்டமைப்புக் கருவி போட்டது, அடுத்த புதுப்பிப்பில் மாறிப்போகும். எதுவுமே இல்லாதபோது தாய் ஆப்ஜெக்டின் எத்தனையாவது குழந்தை என்று எண்ணலாம். நடுவில் ஒரு புது பட்டன் வந்தால் எல்லாப் பெயரும் ஒரு இடம் தள்ளிப்போகும், அழிக்கும் பட்டன் "அச்சிடு" என்று பேசும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். திரை ஆயத்தொலைவை வைத்து அடையாளம் காண்பது கடைசிப் புகலிடம். திரையின் அளவுவிகிதம் (ஸ்கேலிங்) மாறினாலே போய்விடும்.

என்விடிஏவின் பக்கம் சாய எனக்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கே ஆப்ஜெக்டின் பெயரையே மாற்றுகிறோம். அதனால் பேச்சும் பிரெய்லும் ஒருசேர மாறுகின்றன. தனித்தனியாக எழுத வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனைகள் செயலியின் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓடும். உள்ளே மரத்தை மேலும் கீழும் தேடும் வேலையை வைத்தால் ஸ்கிரீன் ரீடரே தடுமாறத் தொடங்கும். மலிவான சோதனையை முதலில் போட்டு, கனமானதை அதற்குள் வைக்க வேண்டும். ஃபோகஸ் ஈவென்டைப் பிடித்துவிட்டு அடுத்த ஹேண்ட்லரை (அந்த நிகழ்வைத் தொடர்ந்து கவனிக்கும் நிரல்பகுதி) அழைக்க மறந்தால் அந்தக் கட்டுப்பாட்டில் என்விடிஏ எதையுமே சொல்லாது. அப்புறம் பராமரிப்பு: ஆண்டின் முதல் பதிப்பில் ஏபிஐ (ஆட்-ஆன் என்விடிஏவோடு பேசும் முறை) மாறக்கூடும், ஆட்-ஆனின் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் கடைசியாகச் சோதித்த பதிப்பைக் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். 2019.3இல் பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது ஆட்-ஆன்களை எல்லாம் திருத்த வேண்டிவந்தது. எழுதியவர் விலகிவிட்டால் ஆட்-ஆன் அப்படியே நின்றுபோகும்.

ஜாஸுக்கு எழுதினால்

ஜாஸ் விலைகொடுத்து வாங்கும் மென்பொருள். 1989இல் டாஸுக்காக வந்தது, விண்டோஸ் பதிப்பு 1995இல். அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் மொழி உண்டு. ஜாஸ் விசையோடு பூஜ்யத்தை அழுத்தினால் அப்போது திறந்திருக்கும் செயலிக்கான ஸ்கிரிப்ட் மேனேஜர் வரும். எழுதி, கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் சேமித்துக் கம்பைலும் ஆகிவிடும். பிழை இருந்தால் அந்த வரிக்கே கொண்டுபோய் நிறுத்தும். மொழியும் எடிட்டரும் ஃபங்ஷன் விளக்கங்களும் ஒரே பெட்டியில் இருப்பதால் பைத்தான் தெரியாதவருக்கு இங்கே தொடங்குவது எளிதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜாஸ் ஸ்கிரிப்ட் மொழியைக் கற்றால் ஜாஸுக்கு மட்டும்தான் பயன், வேறு எங்கும் செல்லாது.

இங்கே வேலை நடக்கும் முறை வேறு. ஆப்ஜெக்டைத் தொடுவதைவிட, அதைப் பற்றிப் பேசும் ஃபங்ஷனை நம் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். ஃபோகஸில் உள்ளதைச் சொல்லும் ஃபங்ஷனை நம் கோப்பில் அதே பெயரில் எழுதி, நம் பட்டன் என்றால் நாம் சொல்லிவிட்டு, இல்லையென்றால் வழக்கமானதையே அழைத்துவிடுகிறோம். பேச்சு சரியாகிவிடும். பிரெய்லுக்கு அதற்கென உள்ள தனி ஃபங்ஷன்களையும் எழுத வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. காதில் "சேமி", விரலில் வெறும் பட்டன் குறி. காதும் கேட்காதவர் பிரெய்லை மட்டுமே நம்பியிருக்கிறார், அவருக்கு அந்த ஸ்கிரிப்டால் எந்தப் பயனும் இல்லை.

பழைய செயலிகளில் ஜாஸுக்கு நீண்ட அனுபவம் உண்டு. திரையில் வரையப்படும் எழுத்தை இடைமறித்துத் தனக்கென ஒரு திரை மாதிரியை வைத்துக்கொள்ளும் முறை அதில் நெடுங்காலமாக இருக்கிறது. அக்சசிபிலிட்டி தகவலே தராத செயலியில்கூட பக்கத்தில் உள்ள எழுத்தை எடுத்துப் பெயராக்க முடிந்தது அதனால்தான். டைரக்ட்எக்ஸ் வழியாக வரையும் புதிய செயலிகளில் அந்த வித்தை பலிப்பதில்லை. ஆகவே ஜாஸ் எதையும் படித்துவிடும் என்ற பழைய நம்பிக்கையில் புதிய செயலிக்கு அதை வாங்கிவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஜாஸ் ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் இன்றும் கம்பைல் ஆகி ஓடுகின்றன என்பது மட்டும் அதன் பக்கம் உள்ள உண்மையான பலம்.

பிரவுசருக்குள் என்றால் வேறு கணக்கு

என்விடிஏவின் ஆப் மாட்யூல் இயக்கக் கோப்பைப் பார்த்து ஏற்றப்படுவது. பிரவுசரில் ஓடும் எல்லாத் தளத்துக்கும் ஒரே கோப்புதான். ஒரு தளத்துக்காக அங்கே எழுதுவது வீண் சுற்று. ஜாஸில் தளவாரியாக ஸ்கிரிப்ட் ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் நான் இரண்டையுமே விட்டுவிட்டு டேம்பர்மங்கி போன்ற பிரவுசர் நீட்டிப்பில், பக்கத்துக்குள் ஓடும் யூசர்ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதச் சொல்வேன். பக்கம் ஏறியதும் அந்த எலிமென்டைத் தேடி பெயரைக் கொடுக்கும் ஏரியா-லேபிள் ஆட்ரிபியூட்டைச் சேர்ப்பதுதான் வேலை. உள்ளடக்கம் பிறகு மாறும் பக்கங்களில் மியூட்டேஷன் அப்சர்வரை வைத்துக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். என்விடிஏ, ஜாஸ், விண்டோஸோடு வரும் நரேட்டர் எதுவாக இருந்தாலும் இதே திருத்தம் பேசும். என்விடிஏவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டே இப்படிப்பட்ட யூசர்ஸ்கிரிப்ட்களை ஒரு தொகுப்பாகவே வைத்திருக்கிறார்.

முடிவெடுக்கும்போது

அலுவலகத்தில் ஏற்கெனவே எல்லோரும் ஜாஸ் வைத்திருந்தால், ஸ்கிரிப்டுக்காக ஸ்கிரீன் ரீடரை மாற்றச் சொல்லாதீர்கள். வருடக்கணக்காக ஒரு ஸ்கிரீன் ரீடரில் பழகிய விரல்களுக்கு மாற்றம் சுமை. அதிலேயே எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள், ஆளுக்கொரு உரிமம் வாங்க முடியாதவர்கள், கணினி கற்றுத்தரும் இடங்கள் என்றால் என்விடிஏ. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஆட்-ஆன் என்பது என்விடிஏவுக்கு உள்ள எல்லா உரிமையோடும் ஓடும் பைத்தான் நிரல். அவர்கள் அதைப் படித்துப் பார்க்க விரும்பினால் அது நியாயமான கோரிக்கை. கோப்பு சின்னதாக இருந்தால் படிப்பதும் எளிது.

இரண்டு ஸ்கிரீன் ரீடர்களும் கலந்து இருக்கும் இடத்தில் முதலில் எழுத வேண்டியது நிரலே அல்ல. ஒரு அட்டவணை எழுதுங்கள்: எந்தத் திரை, எந்த ஐடி, இப்போது என்ன சொல்கிறது, என்ன சொல்ல வேண்டும், நிலை மாறுமா. பெயர்களைத் தினமும் அந்தச் செயலியில் வேலை செய்பவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பக்கத்து இருக்கையில் பார்வையுள்ளவர் அந்தப் பட்டனை என்ன பெயரில் அழைக்கிறாரோ அதையே வைத்தால் இருவரும் தொலைபேசியில்கூட ஒருவருக்கொருவர் வழிசொல்ல முடியும். தமிழில் பெயர் வைப்பதானால் அவர்கள் பயன்படுத்தும் குரல் தமிழ் பேசுமா என்று முன்பே கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

அந்த அட்டவணையை வைத்து என்விடிஏ மாட்யூலை முதலில் எழுதுவது வேகம். எந்த ஐடி நிலையானது, எது மாறுகிறது என்பது அங்கே விரைவில் வெளிப்பட்டுவிடும், ஜாஸில் எழுதும்போது அந்தத் தேடல் மிச்சம். முடித்ததும் அதே அட்டவணையை 4.1.2 விதியைக் குறிப்பிட்டுச் செயலியைச் செய்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். "உங்கள் செயலி எங்களுக்குப் பயன்படவில்லை" என்ற கடிதத்தை எந்த நிரலரிடம் ஒப்படைப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. எந்தத் திரையில் எந்தப் பட்டனுக்கு என்ன பெயர் வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தால், அதை அப்படியே ஒருவரிடம் கொடுத்து முடிக்கச் சொல்லிவிடலாம்.